திசைகாட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையார்

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு நிற்காது. என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் பேச்சே வராது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் இப்படியே ஒப்பேற்றிவிட்டோம். அவர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிக்கொண்டு வந்தபோதுதான் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது.

அவர் தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். எந்த வண்டி எந்த பிளாட்பாரத்தில் என்று மைக்கில் அறிவித்தே நரைத்தவர். தண்டவாளம் இல்லாத இடத்தில் அவருக்கு வழி தெரியாது. சாலை மார்க்கெட்டுக்குள் வெங்காயம் வாங்கப் போய்விட்டு, வெளியே வரத் தெரியாமல் எனக்குப் போன் செய்வார். அந்த மனுஷன் கடலுக்குப் போகிறேன் என்றால் நான் எப்படி நம்பி அனுப்புவது?

அவருடைய தைரியமெல்லாம் ஒரு டேப்லெட். பாட்டுக் கேட்க மகள் வாங்கிக் கொடுத்தது. அதில் கடல் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டார். எங்கே எத்தனை மீட்டர் ஆழம் என்று எண்கள் இருக்கும்; நடுவில் ஒரு சின்ன அம்புக்குறி நகரும், அதுதான் நம் படகு. தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். அதே வரைபடம் போனிலும் உண்டு. பவர் பேங்க் பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். விழிஞத்திலிருந்து தெற்கே கரையோரமாகப் போகிற வழியில் அடையாளப் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நாகர்கோவில் லைனில் வரும் ஸ்டேஷன் பெயரையே சூட்டியிருந்தார். நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை. நடுக்கடலில் பாறசாலை என்றால் யாராவது கேட்டுச் சிரிக்க மாட்டார்களா? அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

போன ஐப்பசியில் ஒருநாள் காற்று விழுந்து, மோட்டாரும் மக்கர் பண்ணி, மூன்று மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார். போனிலும் பவர் பேங்கிலும் சார்ஜ் இல்லை. அந்த மூன்று மணி நேரமும் நான் விழிஞம் மீன்பிடித் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து, மனசுக்குள் அவருக்குக் காரியம் வரைக்கும் நடத்தி முடித்துவிட்டேன். அவர் கரையில் கால் வைத்ததும் நான் பேசிய பேச்சைத் துறைமுகமே நின்று கேட்டது. படகை விற்றே ஆக வேண்டும் என்றேன். கொல்லத்தில் ஒரு டாக்டர் அதை வாங்கத் தயாராக இருந்தார்.

அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பி குடிக்கும்போது சொன்னார்.

"ஒரே ஒரு தடவை எங்கூட வா. பாறசாலை வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவோம். அதுக்குப் பொறவும் ஒனக்கு நம்பிக்கை வரலேன்னா, கரையில எறங்கின ஒடனே நானே கொல்லத்துக்குப் போன் பண்ணுகேன்."

சரி என்றேன். உண்மையைச் சொன்னால், ஃபெயில் என்று முதலிலேயே மார்க் போட்டுவிட்டுத்தான் அந்தப் பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்கப் போனேன்.

எங்கள் வீட்டில் சைக்கிள் வாங்கினால்கூடப் பழவங்காடி கணபதி கோயில் முன்னால் நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் ஓட்ட மாட்டோம். படகைக் கோயில் இருக்கிற கிழக்கேகோட்டை வரைக்கும் உருட்டிக்கொண்டு போக முடியாதே. அதனால் முதல் நாள் நானே போய்ப் படகின் பேரில் ஒரு தேங்காய் உடைத்தேன். பக்கத்துக் கடையில், காரில் வைக்கிற சின்னப் பிள்ளையார் ஒன்றும் வாங்கினேன். அடியில் காந்தம் வைத்தது. மறுநாள் காலையில் படகில் ஏறியதும் அதை எங்கே வைப்பதென்று பார்த்தேன். சுக்கான் பிடித்து உட்கார்ந்தால் எதிரே ஒரு திசைகாட்டி பதித்திருக்கும். கண் போகிற இடம். அதற்கு ஒரு சாண் தள்ளி வைத்தேன். படகு முழுக்க ஃபைபர், காந்தம் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் பசையுள்ள டேப் ஒட்டி நிறுத்தினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"சாமியும் வாறாரா?" என்று மட்டும் அவர் கேட்டார்.

கயிற்றை அவிழ்த்துவிட்ட மீன்காரர் கிழக்கே பார்த்து, "ரெண்டு மணிக்கு மேல மழ காணும், சாரே" என்றார். மழை வரும் என்று அர்த்தம்.

போகும்போது எனக்குப் பிடித்திருந்தது. அதை அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது சொல்கிறேன். இடது பக்கம் தென்னையும் தேவாலய கோபுரமும் நகர்ந்துகொண்டே வந்தன. பின்னால் புதுத் துறைமுகத்து கிரேன்கள் சிறுத்துப் போயின. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாயில் போகும்போது தண்ணீர் படகைத் தேய்க்கிற சத்தம் மட்டும்தான். அவர் டேப்லெட்டைப் பார்த்து, "நெய்யாற்றின்கரை வந்தாச்சு" என்பார். நான் வெறுமனே உம் கொட்டினேன். பாறசாலையில் புளியோதரையும் மாங்காய்ப் பச்சடியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

மழை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. கிழக்கே கறுத்தது, கரையை மூடியது, எங்களையும் மூடியது. நாலு பக்கமும் ஒரே வெள்ளை. பயத்தில் நான் பார்த்த முதல் பொருள் திசைகாட்டி. வடமேற்கே போக வேண்டிய படகு நேராக மேற்கே போகிறது என்று அது காட்டியது.

"நாம நடுக்கடலுக்குப் போறோம். வலது பக்கம் திருப்புங்க" என்றேன்.

"இல்ல. டேப்லெட்ல லைன்லதான் போறோம்."

"மழை பெஞ்சா வீட்டுல டிவி டிஷ்ஷே நின்னு போவுது. இது மட்டும் வேலை செய்யுமா? காம்பஸுக்குப் பேட்டரி கெடையாது, அது பொய் சொல்லாது. நான் சயின்ஸ் டீச்சராக்கும்."

போனையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அம்புக்குறி அதே கோட்டில்தான் நின்றது. இரண்டும் ஒரே வானத்தை நம்பி இருப்பவை என்று அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சுக்கானைத் திருப்பினார்.

திசைகாட்டி வடமேற்குக்கு வந்து நின்றது. எனக்கு மூச்சு வந்தது. டேப்லெட்டில் அம்புக்குறி கோட்டை விட்டு விலகிக் கரைப்பக்கம் போனது. ஆழ எண்கள் இருபது, பன்னிரண்டு, எட்டு என்று இறங்கின. அவர் வாய்க்குள்ளேயே அவற்றைப் படித்துக்கொண்டிருந்தார். நாலு என்று படித்தபோது தண்ணீர் செம்மண் நிறமாக இருந்ததைப் பார்த்தேன். மழைக்குள்ளிருந்து, அலை மணலில் விழும் சத்தம் கேட்டது, பக்கத்தில். அவர் மோட்டாரைப் போட்டு ஒரே திருப்பாகப் படகைக் கடல் பக்கம் திருப்பினார்.

அரை மணி நேரத்தில் மழை விட்டபோது விழிஞம் கலங்கரை விளக்கம் டேப்லெட் சொன்ன இடத்தில், சொன்னபடியே நின்றது.

துறைமுகத்தில் கட்டியதும் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஜெயித்தது அவர்தானே. ஆனால் டேப்லெட்டைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீ சொன்னதுதான் சரி. வித்துரலாம்."

"ஏன்? டேப்லெட் சரியாத்தான காட்டிச்சு."

"காம்பஸ் எதுக்காக்கும் கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியல. ரெண்டும் ரெண்டு சொல்லும்போது எதை நம்பணும்னு நிக்கத் தெரியல. ஒன்னைப் படகுல வெச்சுக்கிட்டு மணல்ல ஏத்தப் பாத்தேன். அது தெரியாதவன் படகு வெச்சிருக்கக் கூடாது."

போனை எடுத்துக்கொண்டு கரையில் ஏறினார். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இனிமேல் சுவரில் உட்கார்ந்து காத்துக்கிடக்க வேண்டாம்.

விற்கப்போகிற படகில் சாமி எதற்கு என்று பிள்ளையாரைப் பிய்த்தேன். டேப் விட்டு வந்தது. கையை எடுத்தபோது திசைகாட்டித் தட்டு மெதுவாகச் சுற்றி வேறு இடத்தில் நின்றது. பிள்ளையாரைத் திரும்பப் பக்கத்தில் கொண்டுபோனேன். தட்டு அவரைப் பார்த்துத் திரும்பியது. தள்ளினேன், விலகியது. மூன்று தடவை செய்து பார்த்தேன், ஏதோ நம்பிக்கையில்.

முப்பது வருஷம் எட்டாம் வகுப்பில் காந்தம் நடத்தியவள் நான். காம்பஸ் ஊசிக்குப் பக்கத்தில் காந்தம் வைக்காதே என்று ஒரு பிள்ளையின் புறங்கையில் ஸ்கேலால் தட்டியிருக்கிறேன். இங்கே காந்தம் ஃபைபரில் ஒட்டவில்லையே என்று யோசித்தேனே தவிர, அது வேறு என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிள்ளையார் உள்ளங்கையில் இருந்தார். கைப்பை திறந்திருந்தது. உள்ளே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. படகு கொல்லத்துக்குப் போய்விடும், அவர் வீட்டில் பத்திரமாக இருப்பார். தனக்குத் தெரியவில்லை என்ற நினைப்போடு இருப்பார். மேலே அவர் போனைக் காதில் வைத்து, "ஹலோ, டாக்டரா?" என்பது கேட்டது.

"போனை வைங்க" என்று கத்தினேன். "இங்க எறங்கி வாங்க."

வந்தார். வகுப்பில் செய்து காட்டுவதுபோல் செய்து காட்டினேன். பக்கத்தில், தள்ளி, பக்கத்தில். அவர் தட்டைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நான் வெச்சது" என்றேன். "நீங்க சரியாத்தான் ஓட்டினீங்க."

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது. என் கையிலிருந்து பிள்ளையாரை வாங்கி, படகின் முன்மூக்கு வரைக்கும் நடந்து போய் அங்கே வைத்துவிட்டு, திரும்பி வந்து தட்டைப் பார்த்தார். அசையவில்லை. அதற்கப்புறம் அவர் கொல்லத்துக்குப் போன் செய்யவே இல்லை.

இப்போது சனிக்கிழமைகளில் டேப்லெட் என் கழுத்தில் தொங்குகிறது. ஆழம் படிப்பது என் வேலை. போன மாதம்தான் கவனித்தேன், பாலராமபுரத்துக்கும் நேமத்துக்கும் நடுவில், கரைப்பக்கமாக, புதிதாக ஒரு புள்ளி. எந்த ரயில்வே லைனிலும் இல்லாத ஸ்டேஷன். அந்த இடம் நெருங்கினால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய மைக் குரலை எடுக்கிறார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அடுத்து வருவது டீச்சர் ஜங்ஷன்."

"இந்த வண்டி அங்க நிக்காது" என்கிறேன் நான். "ஆழம் இருபது. நேரா விடுங்க."