சயந்தன் கேட்காத மன்னிப்பு

கொக்குவிலில் ஒரு வீட்டின் முன்னறையில் இயங்கிய இணையச் செய்திச் சனலில், பின்னூட்டங்களைக் கவனிப்பது உதயகலாவின் வேலை. முன்பு பத்திரிகையொன்றில் எழுத்துப்பிழை திருத்தியவள். இப்போது உடுப்பிட்டியிலிருந்து பஸ்ஸேறி வந்து, பகல் முழுக்கத் தூஷணங்களைத் தேடித் தேடி அழித்தாள். வெங்காயத் தோட்டத் தறையில் கோரைப்புல் பிடுங்குவதைப் போல, பிடுங்கிய இடத்திலேயே மறுபடி முளைக்கும்.

சனலின் முகம் சயந்தன். கமராவுக்கு முன்னால் கைகூப்பி "அன்பான உறவுகளே" என்பான். கீபோர்ட்டில் கை வைத்தால் வேறு ஆள்.

ஒருநாள், விபத்தில் கணவனைப் பறிகொடுத்த இளம்பெண் ஒருத்தி ஆஸ்பத்திரி வாசலில் கதறுவதைக் கிட்டத்தில் படம்பிடித்துப் போட்டான். அதன் கீழே சாவகச்சேரிக் கனகாம்பிகை, பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவமாது, எழுதியிருந்தார்: "தம்பி, அந்தப் பிள்ளையின்ரை முகத்தை மறைச்சிருக்கலாம்."

சயந்தன் பதில் போட்டான்: "கிழவி, உனக்கு விளங்காட்டி சீரியலைப் பார்."

அவ்வளவுதான். சிரிப்புக் குறிகள் குவிந்தன. யாரோ கனகாம்பிகையின் படத்தை எடுத்து, வாயில் ஒரு பூட்டு வரைந்து பரப்பினார்கள். பேத்தியின் பூப்புனித நீராட்டுவிழாப் படத்தையும் விட்டுவைக்கவில்லை. உதயகலா அழிக்க அழிக்க வந்துகொண்டே இருந்தது. கை உளைந்தது. கடைசியில் சயந்தனின் பதிலையே மறைத்துவிட்டாள்.

அவன் எழும்பி வந்தான்.

"உதயாக்கா, உங்கடை வேலை சனத்தின்ரை குப்பையை அள்ளுறது. என்ரை பதிலிலை ஏன் கை வைச்சனீங்கள்?"

"குப்பையைக் கொட்டத் தொடங்கினதே நீங்கள்தானே, தம்பி. அந்த அம்மா மரியாதையாத்தானே கேட்டவ?"

"மரியாதையாக் கதைச்சால் ஆர் பாக்கிறது?"

மறைத்த பதிலைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனான்.

உதயகலாவுக்கு மனம் ஆறவில்லை. கனகாம்பிகைக்குத் தகவல் அனுப்பி, தொலைபேசி இலக்கம் வாங்கி, முற்றத்தில் நின்று அழைத்தாள். "அம்மா, எங்கடை சனல் சார்பிலை... மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"நீர் ஏன் பிள்ளை கேக்கிறீர்? சொன்னவர் கேக்கட்டும். கேட்டால் சரி, நான் மறந்திடுவன்."

இது ஒரு வழி என்று நம்பி உதயகலா உள்ளே ஓடினாள். சயந்தன் முழுவதையும் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"நல்ல விசயம் அக்கா! நேரை அவவின்ரை வீட்டை போவம். நான் அம்மாவின்ரை காலிலை விழுறன், எங்கடை கமராக்காரப் பெடியன் டினேஸ் பிடிக்கட்டும். வீடியோ பிச்சுக்கொண்டு ஓடும்!"

"கமரா இல்லாமல் ஒரு கோல் எடுத்துச் சொல்லேலாதோ?"

"அதாலை ஆருக்கு என்ன லாபம்? விலாசத்தை வாங்கித் தாங்கோ."

"தரமாட்டன்."

"அப்ப விடுங்கோ." தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விட்டான்.

உதயகலா கதிரையில் வந்து இருந்தாள். ஒரு மனிசி கேட்டது ஒரேயொரு வார்த்தை. அதைக்கூடக் காட்சியாக்காமல் கொடுக்க அவனுக்கு வரவில்லை.

அந்த மாத முடிவில் அவள் வேலையை விட்டாள். இப்போது நெல்லியடியில் ஓர் அச்சகத்தில் கல்யாண அட்டைகளில் பிழை பார்க்கிறாள். கனகாம்பிகை தன் முகநூல் பக்கத்தை மூடிவிட்டார். பூட்டுப் போட்ட அந்தப் படம் மட்டும், போன கிழமை உதயகலாவின் சொந்தக்காரர் வாட்ஸப் குழுவுக்குள்ளும் வந்தது. மச்சாள் நிரோஜா அனுப்பியிருந்தாள், கூடவே மூன்று சிரிப்புக் குறிகள்.

"உது ஆரெண்டு தெரியுமோ உனக்கு?" என்று உதயகலா எழுதினாள்.

"தெரியாது. சும்மா பகிடிக்கு" என்று பதில் வந்தது.