கணேசமூர்த்தி பெட்டி தேடுகிறார்

"இதும்மேல கொஞ்சம் ஒக்காருங்க மேடம்," என்று கடையிலிருந்த பெட்டியைக் காட்டினார் கணேசமூர்த்தி.

நான் உட்காரவில்லை. "எதுக்கு?" என்று கேட்டேன்.

"தாங்குதான்னு பாக்கத்தான். நான் ஒக்காந்தா ஒங்க மொதலாளி திட்டுவாரு. நீங்க கடை ஆளு."

"இது உட்கார்ற பெட்டி இல்ல சார். வாத்தியம் வைக்கிற பெட்டி."

"அது எனக்குத் தெரியும். டெம்போல வர்ற பசங்களுக்குத் தெரியாதே. பொட்டின்னு ஒண்ணு இருந்தா ஒருத்தன் ஒக்காருவான். ஒக்காந்தவன் சும்மனே இருப்பானா? இன்னொருத்தனக் கூப்டுவான். அவன் கையில டீ இருக்கும்."

பெட்டியின் கைப்பிடியில் தொங்கிய ஆங்கிலச் சீட்டைப் படித்துத் தமிழில் சொன்னேன். வெளியே ஃபைபர், உள்ளே ஸ்பாஞ்சு, அதன்மேல் வெல்வெட், மூலைகளில் எஃகுத் தகடு.

"கீழ போட்டா இன்னா ஆவும்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"எழுத மாட்டான். எவனும் எழுத மாட்டான்."

குனிந்து, தர்பூசணி வாங்குகிறவரைப் போலக் காதை மூடிக்கு அருகே வைத்து, நான்கு மூலைகளிலும் விரல் முட்டியால் தட்டினார். பிறகு நிமிர்ந்து, "ஸ்வல்ப யோசனை பண்ணிட்டு வர்றேன்," என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பின் வந்த சனிக்கிழமைகளில் பெரும்பாலும் அவர் வந்தார். நான் பத்தாவது வரை தமிழிலும் அதற்கு மேல் ஆங்கிலத்திலும் படித்தவள். சிவாஜி நகரில் இருக்கும் அந்த இசைக்கருவிக் கடையில் பில் போடுவதும் சீட்டுகளைப் படித்துச் சொல்வதும் என் வேலை. முதலாளி சீனிவாசராகவன் கணேசமூர்த்திக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்திருந்தார். அவர் தலை வாசலில் தெரிந்ததும், "வந்துட்டார் பார், இன்னிக்கு எந்தப் பெட்டி ஃபெயில்?" என்று என்னிடம் மெல்லக் கேட்பார். கணேசமூர்த்திக்கு அது கேட்கும். சிரித்துக்கொண்டே முதல் பெட்டியைத் தட்டத் தொடங்குவார்.

சிறிய உடம்பு. அவர் ஊதுவதோ பேண்டு செட்டிலேயே பெரிய வாத்தியம். விலைச்சீட்டில் நாங்கள் அதை 'டியூபா' என்று எழுதுவோம். பேண்டுக்காரர்களுக்கு அது 'பேஸ்'. மடியில் வைத்தால் அவர் முகம் பித்தளைக்குப் பின்னால் மறைந்து, தொப்பி மட்டும் தெரியும். அவருடைய எல்லாச் சட்டைகளிலும் இடது பை மட்டும் தொங்கியிருக்கும். பேஸின் ஊதுவாயைக் கழற்றி அதில்தான் போட்டிருப்பார். குளிர்காலக் காலை வேளைகளில் அதைக் கைக்குள் மூடிச் சூடாக்குவார். யோசனை வந்துவிட்டால் வாத்தியம் இல்லாமலே உதடுகளை அதிர வைப்பார். கம்பெனி பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்குமாம். "எருமை மாரி சத்தம் போடறனாம். இருக்கட்டும், கால நீட்டிக்கலாம்," என்றார்.

கம்பெனி பொம்மசந்திராவில் இருக்கிறது. அங்கே அவர் பேக்கிங் செக்‌ஷன். கப்பலில் போகும் பம்பு உதிரிகளுக்கு மரப்பெட்டி அடித்து, தெர்மோகோல் வெட்டி அடைத்து, மூடி அனுப்புவார். ஆகையால் பெட்டிகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "கண்ணாடி டம்ளர் படம் போட்டு ஒட்டுவோம் மேடம், ஜாக்கிரதைன்னு. அந்தப் படத்தப் பாத்தா லோடிங் ஆளுங்களுக்கு ஜாஸ்திதான் கோவம் வரும்." பேச்சிலும் பேக்கிங் செக்‌ஷன் வந்துவிடும். யாராவது கோபக்காரர் என்றால் "உள்ள ஸ்பாஞ்சு இல்லாத ஆளு" என்பார்.

பேஸ் அவருடைய சொந்தப் பொருள். பட்டாளத்து பேண்டில் கழித்துப் போட்டதை வாங்கியது. அதன் வயிற்றில் ஏதோ ஒரு முத்திரை தேய்ந்து, சிங்கமா மயிலா என்று சொல்ல முடியாமல் இருந்தது. பேண்டு செட்டுக்காரர்கள் டெம்போவில் போவார்கள். வாத்தியங்களைக் குவிக்கும்போது பெரியதை அடியில் போடுவது அங்கே வழக்கம். பெரியது தாங்கும் என்ற எண்ணம். பேஸின் மேல் பெரிய டிரம்மும், அதன்மேல் மற்றவையும் ஏறும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சாவுக்கும் பிறகு அது ஒரு புது ஒடுக்கோடு திரும்பி வந்தது. ஒடுக்கு எடுத்துத் தரும் பித்தளைக்காரர் கடைசியாக அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காயிதம் மாரி ஆயிடுச்சுப்பா. இன்னொரு அடி விழுந்தா கிழிஞ்சிடும். அப்பறம் என்கிட்ட எடுத்துக்கினு வராத," என்று சொல்லிவிட்டாராம். இன்னொரு பேஸ் வாங்குவது கணேசமூர்த்தியால் நடக்காது. அதனால்தான் பெட்டி தேடினார்.

ஒரு சனிக்கிழமை பேஸையே ஆட்டோவில் கொண்டுவந்தார். அதைச் சுற்றிப் பஞ்சு வைத்த ஒரு ரஜாய், ரஜாய்க்கு மேல் ஒரு புடவை. கூட வந்த மனைவி லட்சுமம்மா, "அது என்னோட நல்ல பொடவ பாப்பா," என்று என்னிடம் முறையிட்டார். ஃபைபர் பெட்டியைத் திறந்து பேஸை உள்ளே படுக்க வைத்தோம். மூடி மூடவில்லை. பழைய மாதிரி வாத்தியம், வாய் அகலம் அதிகம்.

சீனிவாசராகவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பேசாம பெட்டிக்கு ஏத்த மாதிரி வாத்தியத்த மாத்திடுங்கோளேன்."

"செருப்புக்கு ஏத்த மாரி கால வெட்டிக்கச் சொல்றீங்களே சாமி."

அடுத்ததாக நீலத் துணிப்பையைக் காட்டினேன். உள்ளே மெல்லிய ஸ்பாஞ்சு, பின்னால் முதுகில் மாட்டிக்கொள்ள இரண்டு பட்டை. பேஸ் அதில் சுலபமாகப் போனது. அவர் பையை வெளியிலிருந்து ஒரு விரலால் அழுத்தினார். விரல் நேரே பித்தளைக்குப் போய்ச் சேர்ந்தது. "மழைக்கு ஆவும். அடிக்கு ஆவாது," என்று பேஸை வெளியே எடுத்துவிட்டார்.

லட்சுமம்மா ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குப் பொட்டி பொட்டின்னு ஊரெல்லாம் அலையறாரு. மொபெட்ல போறியே, தலைக்கு ஒரு ஹெல்மெட்டு வாங்குய்யான்னா, தலையில இன்னா இருக்குது ஒடையறதுக்குங்கறாரு."

"இருந்தா வாங்க மாட்டனா?" என்றார் கணேசமூர்த்தி, புடவையின் முடிச்சைப் போட்டுக்கொண்டே.

பிறகு சில வாரங்கள் அவர் வரவில்லை. "இன்ஸ்பெக்டருக்கு டிரான்ஸ்பர் ஆயிடுத்து போலிருக்கு," என்றார் முதலாளி. விஷயம் வேறு. கம்பெனியில் கழித்த பலகைகளைக் கேட்டு வாங்கி, வீட்டு வாசலில் அவரே பெட்டி செய்துகொண்டிருந்தார்.

அந்தப் பெட்டியை நான் பார்த்தது எங்கள் தெருவில், விவேக் நகரில். ஜோசஃபின் டீச்சர் இறந்துபோயிருந்தார். குழந்தை இயேசு கோயில் பாடகர் குழுவில் வெகுகாலம் பாடியவர் என்பதால் வீட்டிலிருந்து கோயில் வரை பேண்டு வைத்திருந்தார்கள். நான் எங்கள் வாசலில் நின்றிருந்தேன். டெம்போ தெருமுனையில் நின்றது. வாத்தியங்கள் இறங்கின. கடைசியில் நான்கு பேர் பிடித்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார்கள். இழைத்த பலகை, சுத்தமான மூலைகள். நல்ல வேலைப்பாடு என்று யாரும் சொல்வார்கள். ஆனால் சாவு வீட்டுக்கு முன்னால் அது இறங்கியபோது கூட்டம் ஒருவிதமாகப் பார்த்தது.

"இன்னாப்பா, ஒரே வீட்டுக்கு ரெண்டு பொட்டியா?" என்று பின்னால் ஒரு குரல்.

"வாய மூட்றா, டீச்சர் மவன் நிக்கறாரு."

கணேசமூர்த்தி மண்டியிட்டு, கால்சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பெட்டிக்குக் கீல் இல்லை, கொக்கி இல்லை. மூடியைச் சுற்றிலும் ஸ்க்ரூ. ஒவ்வொன்றையும் கழற்றிப் பக்கத்தில் விரித்த கைக்குட்டையில் வைத்தார். அவசரப்பட்டது தெரிந்தது. ஆனாலும் வரிசையாகத்தான் வைத்தார்.

பேண்டு மாஸ்டர் இளங்கோவன் கிளாரினெட்டோடு வந்து தலைக்கு மேல் நின்றார். "கணேசா, எடுக்கப் போறாங்கப்பா."

"ஆச்சுண்ணே. இன்னும் கொஞ்சம்தான்."

"எடுத்துட்டாங்க!"

"இந்தப் பக்கம் மட்டுந்தாண்ணே பாக்கி!"

சவப்பெட்டி வாசலைத் தாண்டியது. இளங்கோவன் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினார். அதை இங்கே எழுத முடியாது. பேண்டு பேஸ் இல்லாமலே தொடங்கியது. கீழே யாரும் பிடித்துக்கொள்ளாத ஏணியில் ஏறுகிறவர்களைப் போல ட்ரம்பெட்டுகள் தயங்கித் தயங்கி மேலே போயின. ஊர்வலம் தெரு திரும்பிய பிறகும் கணேசமூர்த்தி மண்டியிட்டே இருந்தார். மூடி திறந்ததும் தெர்மோகோலை இரண்டு கைகளாலும் வாரி வெளியே போட்டார். பேஸ் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

கோயில் வளைவில் அவர்களைப் பிடித்துவிட்டார். நானும் அவர் பின்னாலேயே போயிருந்தேன். அவர் முதல் மூச்சை ஊதியபோது, பேஸின் வாயில் தங்கியிருந்த தெர்மோகோல் மணிகள் மேலே பறந்து, பின்னால் வந்தவர்கள் தலையில் மெதுவாக இறங்கின. யாரும் சிரிக்கவில்லை. டீச்சரின் மகன் தோளில் விழுந்ததை அவர் மனைவி தட்டிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கணேசமூர்த்தி எந்தப் பெட்டியையும் தட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"கீல் போட்டிருக்கலாமே," என்றேன்.

"தோணலையே மேடம். சர்வீஸ் பூரா நான் மூடத்தான் மூடியிருக்கேன். தொறக்கறது கடலுக்கு அந்தாண்ட எவனோ ஒருத்தன். அவன் எப்படித் தொறக்கறான்னு ஒரு நாளும் நெனச்சதில்ல." தண்ணீரைக் குடித்து முடித்தார். "பாவம் அவன்."

பெட்டிக்கு இப்போது கீல் போட்டுவிட்டாராம். ஆனால் அது டெம்போவில் ஏறாது. இளங்கோவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதைக் கணேசமூர்த்தி அவர் குரலிலேயே எங்களுக்குச் சொல்லிக் காட்டினார்: "பொட்டியோட வந்தா நாலு ஆளு எடம் போச்சு, ஏத்த மாட்டேன். பொட்டி இல்லாம வந்தா அடியிலதான் போடுவேன். ரெண்டும் வேணாமா, வூட்ல இரு. கீபோர்டுல ஒரு பொத்தான அமுக்குனா பேஸ் வருது." ஜனவரியில் கோயில் திருவிழா. அதைத் தொட்டுக் கல்யாணங்கள். யாரை வைத்துக்கொள்வது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று இளங்கோவன் அதற்குள் முடிவு செய்துவிடுவார்.

"பெட்டி இப்ப எங்க இருக்கு?" என்று முதலாளி கேட்டார்.

"லட்சுமம்மா அரிசி கொட்டி வெச்சிருக்கா சாமி. எலி வர்றதில்லயாம்."

அன்று போகும்போது நீலத் துணிப்பையை வாங்கிக்கொண்டு போனார். நான் பில் போட்டுக் கொடுத்த பிறகு சீனிவாசராகவன், "மழைக்குத்தானே ஆகும்னேள்?" என்று கேட்டார்.

"மழைக்குத்தான் சாமி," என்றார் கணேசமூர்த்தி.

ஜனவரி பிறப்பதற்கு முன்னால் ஒருமுறை வந்தார். கடையில் வேறு வாடிக்கையாளர் இல்லை. வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே வித்தியாசம் தெரிந்தது. பை அவர் முதுகில் இல்லை, மார்பில் இருந்தது. பட்டைகளைப் பிரித்து, எங்கள் கடைக்குப் பின் சந்தில் இருக்கும் பை தைக்கிறவரிடம் கொடுத்து மாற்றித் தைக்க வைத்திருந்தார். பிள்ளையைத் தூளியில் கட்டிக்கொண்டவர்களைப் போல பேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். அது முழங்காலிலிருந்து மோவாய் வரை நின்றது. இரண்டு கைகளாலும் அணைத்திருந்தார். கைகள் அந்தப் பக்கம் சேரவில்லை. நடக்கும்போது தரை தெரியாமல் காலால் துழாவி வந்தார்.

"இளங்கோவன் அண்ணன் ஒத்துக்கினாரு மேடம். ஒன் எடத்துல நீ ஒக்காந்துக்கோ, மடியில இன்னா வெச்சிக்கறியோ வெச்சிக்கோன்னுட்டாரு."

"அதான் சரியாப் போச்சே," என்றார் முதலாளி.

"சரியாச்சான்னு பாக்கணும் சாமி." பையின் மேல் விளிம்புக்கு மேல் தெரிந்த கண்கள் என் பக்கம் திரும்பின. "மேடம், ஒரு ஒதவி."

"சொல்லுங்க."

"என்ன ஒரு இடி இடிங்க."

ஆட்களைத் தொட்டுப் பழகும் சுபாவம் எனக்கு இல்லை. "நானா?" என்றேன்.

"டெம்போல பசங்க அப்படித்தான் இடிப்பானுங்க. பிரேக்கு போட்டா எல்லாம் எம்மேலதான் வருவானுங்க. பைக்கு நேரா இடிங்க, ஒண்ணும் ஆவாது. அடி உள்ள போவுதா இல்லியான்னு எனக்குத் தெரிஞ்சாவணும். சாமி இடிச்சா அவருக்கு மூச்சு வாங்கும்."

"இடியேம்மா, அவரே கேக்கறார்," என்றார் சீனிவாசராகவன்.

பேனாவை வைத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்தேன். கணேசமூர்த்தி கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, பையை எனக்கு நேரே காட்டிக்கொண்டு நின்றார். கண்களைக்கூட மூடிக்கொண்டார். இரண்டு கைகளையும் நீட்டி, பையின் நடுவைப் பார்த்துத் தள்ளினேன்.

என் கைகள் பட்டது துணியில் இல்லை, எலும்பில். அவர் திரும்பியிருந்தார். எப்போது திரும்பினார் என்று நான் பார்க்கவில்லை. என் உள்ளங்கைகள் அவர் தோள்பட்டையில் இருந்தன. பேஸை அந்தப் பக்கம் மறைத்து, சுவரைப் பார்த்தபடி, முதுகை வளைத்து, மோவாயைப் பையின் மேல் அழுத்தி வைத்திருந்தார்.

"ஒண்ணும் தெரியலியே," என்று சுவரிடம் சொன்னார். "இன்னும் கொஞ்சம் ஜோரா இடிங்க மேடம்."