மாலை போட்ட ப்ளோயர்

ஆயுத பூஜை அன்று எங்கள் கம்பெனியில் லேத்திலிருந்து வாசல் எடைமேடை வரைக்கும் எல்லாம் நின்றுவிடும். கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டால் முடிந்தது. மறுநாளும் கழிந்து ஷிப்ட் தொடங்கும்வரை யாரும் தொடக் கூடாது. ஓசூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான். எனக்கும் பிடித்த நாள். அம்மாவின் பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு சூளகிரியிலிருந்து பஸ்ஸில் கசங்காமல் வந்து சேர்ந்ததே பெரிய சாதனை.

குரூப் போட்டோவுக்கு முன்னால் என் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று பின்பக்கம் ஓடினேன். கேன்டீன், கழிவறைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட் என் பொறுப்பு; படித்து முடித்து வந்த முதல் வேலை. அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பவை அந்தத் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள். சாணி கரைத்து ஊற்றி, மாதக்கணக்கில் நானே வளர்த்தவை. ப்ளோயர் ஊதும் காற்றுதான் அவற்றுக்கு மூச்சு.

அன்று சத்தமே இல்லை. தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை. வழக்கமாக ஓடும் ப்ளோயர், அதற்கு மாற்றாக வைத்திருக்கும் ப்ளோயர், இரண்டும் மாலையோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் எலக்ட்ரீஷியன் அண்ணன், கையில் குங்குமக் கிண்ணம்.

"அண்ணா, யாரு நிறுத்துனது?"

"நான்தாம்மா. வருஷம் பூரா ஓடுது. ரெண்டு நாளு படுக்கட்டுமே."

"இது படுத்தா உள்ள இருக்கறதெல்லாம் செத்துரும்ணா!"

"பூஜை போட்டாச்சு. பேடம்மா, பேட." பதறினால் அவருக்கு 'வேண்டாம்'கூடக் கன்னடத்தில்தான் வரும்.

போன் அடித்தது. லேப் தோழி. "எங்கடி போய்த் தொலைஞ்ச? எல்லாரும் நிக்கறோம்!"

போகலாம்தான். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை, ஷிப்ட் தொடங்கித் தொட்டி நாறும்வரை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதே. தெரிந்த பிறகு சிரித்துக்கொண்டு போய் நிற்க என்னால் ஆகாது.

"நீங்க எடுத்துக்கோங்கடி" என்று வைத்துவிட்டேன்.

மாலையோடு ஓட்டினால் பெல்ட் இழுத்துக்கொள்ளும். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். செருப்பைக் கழற்றினேன். ஒரு ப்ளோயரின் மாலையைக் கழற்றி மற்றதற்குப் போட்டேன்.

"சாமி குத்தம்மா!"

"என் தலையில விழட்டும்ணா."

சுவிட்சைப் போட்டதும் தொட்டி ஒரு தரம் கொந்தளித்து, பழுப்பு நுரையை என் முந்தானையில் அடித்தது. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா? தலையில இல்ல, பட்டுல விழுந்துச்சு!"

எல்லா மூலையிலும் குமிழி சீராக வரும்வரை நகரவில்லை.

"நாளைக்கு யாரு பாக்கறது? லீவாச்சே" என்றார்.

"எனக்குத்தாண்ணா லீவு. அதுங்களுக்கு ஏது?"

அவர் இரட்டை மாலை போட்டிருந்த ப்ளோயருக்கு இன்னொரு பொட்டை அழுத்தி வைத்தார். "இதையாவது தொடாத, தாயி."

தொடவில்லை. மறுநாள் பழைய சுடிதாரில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.