எழுந்து நின்றவன்

வெண்டலின் லாட்னர் தன் வாழ்நாளில் பயந்தது ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு ஊர் அவனை நிம்மதியாகப் பயப்படக்கூட விடவில்லை. பத்தொன்பது வயதில், ஆஸ்திரியப் பனிச்சறுக்கு அணிக்கு ஆள் எடுத்த பந்தயத்தில், எங்கள் ஹின்டர்வாங் ஊர்ச் சரிவின் பெரிய மேட்டுக்கு முன்னால், குனிந்து பறந்து வந்தவன் சட்டென்று எழுந்து நின்று வேகத்தைக் குறைத்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அணியில் இடம் போனது, ஊரில் பேரும் போனது.

பிறகு கூரை போடும் தொழிலுக்கு வந்தான். காற்று அறைகிற உச்சியில் கயிறு கட்டாமல் நடந்தான். "அங்க எழுந்து நிக்காதடா, நடுங்கப் போறே" என்று கீழேயிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். அவன் கல்யாண விருந்தில், நாலு வார்த்தை பேச மாப்பிள்ளை எழுந்து நின்றதும் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பை ஆரம்பித்து வைத்தவன் அவனுடைய அக்கா புருஷன் செவரின். இருபது வருஷமாக ஒரே கேலி. அலுக்கவே அலுக்காத ஜென்மங்கள் நாங்கள்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. வலியோ குளிரோ பயமோ, எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "சரியாத்தான் இருக்கு." மரம் விழுந்து கால் நசுங்கியவன்கூட டாக்டரிடம் அதைத்தான் சொன்னான். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம், வெட்கங்கெட்டவர்கள்.

உலகப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. சரிவைத் தயார் செய்யும் பொறுப்பு செவரினுக்கு. போட்டியில் முதல் வீரனாக இறங்கப் போவது செவரினின் மகன் க்விரின். வீரர்களுக்கு முன்னால் தடம் பார்க்கச் சிலரை இறக்குவார்கள். அதில் கடைசி ஆள் உள்ளூர்க்காரனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த இடத்தை செவரின் மதுக்கடையில் எல்லார் முன்னாலும் வெண்டலினுக்குக் கொடுத்தான்.

"மச்சான், இந்தத் தடவையாவது குனிஞ்சே வா. டிவியில உன்னையெல்லாம் காட்ட மாட்டாங்க, கூச்சப்படாதே."

கடை முழுக்கச் சிரிப்பு. வெண்டலினும் சிரித்துவைத்தான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் செவரினின் ஆட்கள், பனி இறுகி வேகம் கூடட்டும் என்று, மேட்டுக்கு வரும் பாதையில் தண்ணீர் பீய்ச்சினார்கள். காலையில் அது கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. தடம் பார்க்க முதலில் இறங்கிய வெளியூர் இளவட்டங்கள் புத்தியாக எழுந்து நின்று, வேகத்தைக் குறைத்துத் தாண்டினார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் மேட்டின்மேல் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. பந்தயத்தை நிறுத்தி வைத்துவிட்டு வெண்டலினை மட்டும் இறங்கச் சொன்னார்கள்.

மேலே புறப்படும் கொட்டகையில் க்விரின் அவன் கையைப் பிடித்தான். வெண்டலினை ஒருநாளும் கேலி செய்யாத ஒரே ஆள் அவன்தான்.

"மாமா, மேடு எப்படின்னு கீழ போய்ச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவேன்."

வெண்டலின் குனிந்தான். மேகத்துக்குள் நுழையும்போதும் குனிந்தே இருந்தான். கால்கள் கெஞ்சின, எழுந்து நிற்கவில்லை. மேடு அவனைத் தூக்கி எறிந்தது. இறங்க வேண்டிய சரிவைத் தாண்டி, அதற்குக் கீழே இருந்த சமதரையில் போய் மொத்தென்று கால் ஊன்றினான். முழங்காலுக்குள் என்னவோ கிழிந்தது. எப்படிச் சாயாமல் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. கீழே வந்து சேர்ந்தபோது அவனுக்கு அழுகை வந்தது, அத்தனை சந்தோஷம். ஆனால் பார்த்தவன் ஒருத்தன் இல்லை. எல்லாம் மேகத்துக்குள் நடந்து முடிந்திருந்தது.

வயர்லெஸ்ஸில் செவரின் கேட்டான். சரிவில் நின்ற அத்தனை பேர் காதிலும், மேலே கொட்டகையில் க்விரின் காதிலும் அது விழும்.

"என்ன மச்சான், மேடு எப்படி? ரொம்பப் பெருசா இருந்துச்சோ?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 'மேடு ஆளைத் தூக்கி எறியுது, விளிம்பைச் சீவுங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சாகும்வரை சிரிப்பார்கள்.

"சரியாத்தான் இருக்கு" என்றான் வெண்டலின்.

மேகம் விலக அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் வயர்லெஸ் அவன் கையில்தான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை, பாவி.

க்விரின் அவனைவிட வேகமாக வந்தான். அவனைவிடத் தூரம் பறந்தான். சமதரையில் முதுகு அடிபட விழுந்து, அப்படியே உருண்டு வேலியில் போய் நின்றான். ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது. அப்புறம் ஆறேழு ஆட்கள் மண்வெட்டியோடு போய் விளிம்பைச் சீவினார்கள். சின்ன வேலை. கூட்டம் சூடான ஒயின் குடித்து முடிப்பதற்குள் பந்தயம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. யாரோ ஜெயித்தார்கள், வாத்தியமும் வாசித்தார்கள்.

இனி க்விரின் நடக்க மாட்டான் என்று இன்ஸ்ப்ரூக் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். நொண்டுவது தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்த வெண்டலினின் சட்டையை அக்கா நோட்புர்கா எட்டிப் பிடித்தாள்.

"உன் பயம்தாண்டா என் புள்ளைய முடமாக்கிருச்சு. நீ ஆம்பளையா குனிஞ்சு வந்திருந்தா அந்த மேடு எவ்வளவு தூரம் வீசுதுன்னு தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேல்ல?"

"விடு அவனை" என்றான் செவரின். முகம் செத்துப்போயிருந்தது. "நின்னுக்கிட்டு வந்தவனுக்கு எப்படித் தெரியும்? தப்பு என்னோடது."

குனிந்துதான் வந்தேன் என்று கத்த வெண்டலினுக்குத் தொண்டைவரை வந்தது. இருபது வருஷமாக அவன் ஏங்கியது அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான். ஆனால் குனிந்து வந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்தும் பையனை அனுப்பியவன் ஆகிவிடுவான். அக்காவின் கை இன்னும் அவன் சட்டையில் இருந்தது.

"ஆமாக்கா" என்றான். "மேட்டுக்கு முன்னாடி எழுந்து நின்னுட்டேன்."

அவள் சட்டையை விட்டாள்.

"அதான் ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு மகனைப் பார்க்க உள்ளே போனாள்.