கடைசி வாங்கு வரை தெரிந்த வரைபு

“...எறும்பு ஊருற மாதிரி இரிக்கி புள்ள. இதக் காட்டினா அவரு தண்ணி தருவாரா? எழும்பு, போவம்.”

போன சிறுபோக விதைப்புக்கு முன்னால், கல்முனையில் பதாகை அச்சடிக்கும் ஒரு கடையில் வைத்து, நான் காக்கா என்று கூப்பிடும் என் அண்ணன் சொன்னது இது. மறுநாள் காலை நற்பிட்டிமுனையில் விவசாயிகள் கூட்டம். யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் அங்கேதான் முடிவு செய்வார். எங்கள் வயல்கள் வாய்க்காலின் கடைசியில். மேலே உள்ளவர்களின் வயல் நிரம்பி வழிந்த பிறகுதான் எங்களுக்குச் சொட்டுச் சொட்டாக வரும். இரண்டு போகம் பயிர் கருகியதில், இம்முறை வெள்ளாமையே வேண்டாம் என்று காக்கா உட்கார்ந்துவிட்டார்.

நான் விடவில்லை. அதற்கு முந்தைய போகம் முழுக்க வாய்க்காலின் தலையிலும் கடைசியிலும் தினமும் குச்சி விட்டு ஆழம் அளந்து கொப்பியில் எழுதியிருந்தேன். காணொளி பார்த்து நானாகப் பழகிய கணினியில் அதை வரைபாக்கி, ஐந்தடிப் பதாகைக்கென்று அகலம் அறுபது அங்குலம் கொடுத்துச் சேமித்தேன். கடைக்காரர் மாதிரிக்கு ஒரு துண்டு அச்சடித்துத் தந்தார். இரண்டடி தள்ளி நின்றால் எழுத்தை வாசிக்க முடியவில்லை.

தெளிவு போதாதாக்கும் என்று, அங்குலத்துக்கு ஐம்பது புள்ளி என்றிருந்ததை நூறாக்கினேன். எழுத்து கூராகியது, ஆனால் ஒரு நூல் அளவுகூடப் பெரிதாகவில்லை.

“இப்ப கூரான எறும்பு” என்றார் காக்கா. கடைக்காரர் சிரித்துவிட்டார்.

ஆத்திரத்தில் அடிமட்டத்தை எடுத்து எழுத்தை அளந்தேன். சரியாகப் பாடப்புத்தக எழுத்தின் உயரம்! அப்போதுதான் விளங்கியது. புள்ளியைக் கூட்டினால் கூர்மைதான் கூடும். நான் தாளை அறுபது அங்குலம் என்றாலும் பத்து அங்குலம் என்றாலும் கணினி அதே புத்தக எழுத்தைத்தான் போடும்.

அகலத்தைப் பத்து அங்குலமாகக் குறைத்து, அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி கொடுத்தேன். அதை ஆறு மடங்கு பெருப்பித்து அச்சடிக்கச் சொன்னேன். எழுத்தும் கூடவே ஆறு மடங்கு வளர்ந்து இறங்கியது.

“அறுபதுக்கு அம்பது, பத்துக்கு முந்நூறு... ரெண்டும் அதே மூவாயிரம் புள்ளிதானே. எப்பிடிப் புள்ள?”

“மா அதேதான் காக்கா, சுட்ட சட்டிதான் வேற!”

மறுநாள் கூட்ட மண்டபத்தில் பதாகையை விரித்ததும், பின்னால் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த, கண்ணாடி போடாத ஒருவர் உரக்க வாசித்தார்: “தலையில பத்து இஞ்சு தண்ணி, கடைசியில ரெண்டு இஞ்சா? யா அல்லாஹ்!” மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேல்வயல்காரர் ஒருவர் பொய்க்கணக்கு என்று எழும்பினார். நான் கொப்பியைப் பொறியியலாளரின் கையில் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, தண்ணீர் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நாளும் கடைசி வயல்களுக்கு என்று அறிவித்தார். எங்கள் பக்கம் எழுந்த கைதட்டல் இன்னும் காதில் நிற்கிறது.

ஓர் உண்மையை எவ்வளவு கூராக்கினாலும், தூரத்தில் இருப்பவர் வாசிக்கும் அளவில் கொடுக்காவிட்டால் அது நம்மோடுதான் கிடக்கும் என்று அன்று படித்தேன். சந்தோசத்தில் காக்காவைத் தேடினால், அவர் மண்டப வாசலில் நின்று உழவு மெசின்காரரிடம் கைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: “விடியச் சுபஹ் தொழுத கையோட வந்திரு மச்சான், என்ட வயல உழணும்!”