மஞ்சள் அப்பிய கை

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எந்த நாய்க்கு அடிபட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புண்ணைக் கழுவி, மஞ்சளைக் குழைத்து அப்பி, துணியால் இறுக்கிக் கட்டிவிடுவேன். பிழைத்த நாய்கள் என் பின்னாலேயே சுற்றும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

எண்பதுகளின் நடுவில் பாசிர் பெனம்பாங் மீன்பிடிக் கிராமத்தில் இறால் தரம்பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்தேன். ஒரு நாள் காலை, வலையில் சிக்கிய டால்பின் குட்டி ஒன்றைப் படகுக்காரர் ஈரச் சாக்கில் கிடத்திவிட்டு வீட்டுக்குப் போனார். கடல் இறங்கி ஆறு வற்றிக் கிடந்த நேரம். தண்ணீர் ஏறியதும் கொண்டுபோய் விட்டுவிடலாம், அதுவரை உடம்பு காயாமல் பார்த்துக்கொள் என்று சீன முதலாளி உள்ளேயிருந்தபடியே சத்தம் போட்டார்.

உருண்டைத் தலை, மொழுமொழு முகம். விரலை நீட்டினேன், பால்குடி மறக்காத நாய்க்குட்டி போலச் சப்பியது.

"என்னடா தங்கம், அம்மாவத் தேடுறியா?"

அப்போதுதான் உச்சந்தலையில் அந்த ஓட்டையைப் பார்த்தேன். திறந்து திறந்து மூடியது. சளி மாதிரி வடிந்தது. தூண்டில் கிழித்த புண் என்று முடிவுகட்டினேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாவது, கேட்பதாவது! சமையல் மூலையிலிருந்த மஞ்சள்தூளைக் குழைத்து அப்பினேன். விரலில் சூடாகக் காற்றுப் பட்டது. பாவம், காய்ச்சல் என்று நினைத்தேன். ஈரத்துணியால் இறுக்கிக் கட்டினேன். குட்டி வாலால் படபடவென்று அடித்தது. மருந்து எரிகிறது போலும் என்று தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. தூங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஐஸ் கொண்டுவந்த லோரிக்கார அண்ணன்தான் துணியை அவிழ்த்தார்.

"ஐயோ, இது மூக்கும்மா! நம்மள மாதிரி மூச்சு விடுற ஜீவன் லா. யாரு கட்டுனது?"

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"தெரியலண்ணே. படகுலயே கட்டிட்டாங்க போல."

மறுநாள் முதலாளி எல்லார் முன்னாலும் படகுக்காரரைக் கிழிகிழியென்று கிழித்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் குனிந்தபடி இறால் பொறுக்கினேன். வெட்கக்கேடு, வேறென்ன.

குட்டி செத்த அன்று சாயங்காலம் லயத்துக்குள் நுழைந்ததுமே என் நாய் ஓடிவந்து, மஞ்சள் போகாத கையை முகர்ந்தது. அதன் மூச்சு உள்ளங்கையில் பட்டது. காலையில் காய்ச்சல் என்று நினைத்த அதே சூடு.

அதன்பிறகு எந்த நாய்க்கும் நான் மருந்து கட்டியதில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், மஞ்சள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லிவைத்தேன்.