மேடையில் ஜீப் ஓட்டிய என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரரை மேடையில் பேசக் கூப்பிட்டு ஃபோன் வந்தபோது நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஏற்காடு கடைவீதியில் எனக்குத் தையல்கடை. அவர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார். அவருடைய ஃபோனில் எப்போதும் சார்ஜ் இருக்காது என்பதால் ஊருக்கெல்லாம் என் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தார்.

பேசியது சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் பெண். ஆராய்ச்சி செய்கிறவர்கள், புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர்கள், ஓவியம் வரைகிறவர்கள் எல்லாரையும் ஒரே மேடையில் ஏற்றி ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசவைக்கப் போகிறார்களாம். ஏற்காட்டிலேயே ஒரு ரிசார்ட் ஹாலில் நடக்கிறதாம்.

"உங்க வீட்டுக்காரர் ஒரு இன்னோவேட்டர்னு கேள்விப்பட்டோம், அக்கா," என்றாள்.

"இல்லீங்க, அவரு டிரைவருங்க," என்றேன்.

அவள் சொன்னது எங்கள் பீரோவைப் பற்றி என்று பிறகுதான் புரிந்தது.

ஏற்காட்டில் மழையும் பனியும் சேர்ந்துகொண்டால் வாரக்கணக்கில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கட்டினால் புகை நாற்றம், உள்ளறையில் கட்டினால் பூஞ்சை நாற்றம். அவர் ஒரு பழைய இரும்பு பீரோவுக்குள், உடைத்துப்போட்ட ஜீப்பின் ரேடியேட்டரை நிறுத்தி, எங்கள் வெந்நீர் பாய்லரிலிருந்து அதற்குக் குழாய் இழுத்து, பின்னால் ஒரு ஃபேனை மாட்டினார். சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குள் ஓடும். ஃபேன் அந்தச் சூட்டைத் துணிமேல் ஊதும். ராத்திரி போட்டதைக் காலையில் எடுத்து உடுத்தலாம். பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் மிளகு கொண்டுவந்தார்கள், காப்பிக்கொட்டை கொண்டுவந்தார்கள். தலைச்சோலையில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் தனக்கும் ஒன்று செய்துதரச் சொல்லி வாங்கிப் போனார். அவர் வழியாகத்தான் சேதி சேலம் வரைக்கும் இறங்கியிருக்கிறது.

அதைச் செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் வெளியே வரக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். சேலத்தில் என் தம்பி கல்யாணத்துக்கு இவர் காயாத ஜட்டியோடு புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மணமேடையில் ஃபோட்டோவுக்கு உட்கார்ந்து எழுந்தபோது, வேட்டியின் பின்பக்கம் ஈரம் அப்படியே அச்செடுத்திருந்தது. என் சொந்தக்காரர்கள் நினைக்கக்கூடாததை நினைத்தார்கள். என் சித்தப்பா ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கிறார் என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி மலை ஏறி வீட்டுக்கு வந்தவர், மறுவாரமே ரேடியேட்டர் தேடக் கிளம்பினார்.

"ஏனுங்க, மிளகுன்னு சொல்லுங்க, காப்பின்னு சொல்லுங்க. ஜட்டியப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது," என்றேன்.

"நான் என்ன கிறுக்கனா அம்மிணி?" என்றார்.

கல்லூரிப் பெண் சாயங்காலத்தில் வீடியோ காலில் வந்து அவருக்குப் பயிற்சி கொடுத்தாள். நின்று பேச வேண்டும். கையைக் கட்டக்கூடாது. முக்கியமான இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். எடுத்த எடுப்பில் கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். இவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார். ஃபோனை வைத்ததும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து எதிரே நின்றுகொண்டார்.

"நீங்க எப்பவாவது ஈரத்தோட வாழ்ந்திருக்கீங்களா?" என்றார் கணீரென்று.

"கல்யாணம் ஆனதுல இருந்து," என்றேன்.

"கூட்டத்துல பதில் சொல்ல மாட்டாங்க புள்ள. நீயும் சொல்லாத."

அவருக்குப் பேச்சு வராது என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஜீப்பில் ஏறுகிறவர்கள் இறங்கும்வரை அவர் வாய் மூடாது. சேர்வராயன் கோயில் குகையைப் பற்றி ஒரு கதை, ஏரியைப் பற்றி இரண்டு கதை, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரைக் காட்டெருமை துரத்திய கதை. அந்த ரைட்டர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மரத்தில் ஏறுவார். கேட்கிறவர்கள் எதையும் நம்பாவிட்டாலும் சிரித்துக்கொண்டேதான் இறங்குவார்கள்.

அன்றைக்கு ஏற்காடு முழுக்கப் பனி. மேடைக்காகவே இடுப்புயரத்தில் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்திருந்தார். பாய்லருக்குப் பதில் அதில் கரண்டில் தண்ணீர் சுடும். அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் மேடைக்குப் பின்னால் வைத்து ஓடவிட்டோம். ஈர மிளகு ஒரு தட்டில் உள்ளே போனது. பேச்சின் நடுவில் பெட்டியைத் திறந்து, காய்ந்த மிளகைக் கையில் அள்ளிக் காட்டுவதாக ஏற்பாடு.

அந்த நேரத்தில் ஒரு அம்மா நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தார். தவளைகளை ஆராய்ச்சி செய்கிறவர், அவரும் பேச வந்தவர்தான். விடிகாலையிலிருந்து ஏதோ எஸ்டேட் ஓடையில் தவளை தேடிவிட்டு, முழங்கால்வரை நனைந்து, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சூடாக இருக்கிறதே என்று அந்தப் பெட்டி ஓரமாகவே நின்று கைகளைக் காட்டிக் குளிர் காய்ந்தார். நான் போய் முன் வரிசையில் இடம் பிடித்துக்கொண்டேன்.

முதலில் ஓர் ஓவியப் பெண் பேசினாள். காப்பி டிகாக்‌ஷனில் தூரிகையைத் தொட்டுத் தொட்டு மலை, பனி, ஆள் முகம் எல்லாம் வரைந்திருந்தாள். நன்றாகவே இருந்தது. பின்னாலிருந்து கடைக்காரர் ஒருவர் எழுந்து, "ஏனுங்கம்மா, எறும்பு மொய்க்காதுங்களா?" என்று கேட்டார்.

"சர்க்கரை போடலீங்க," என்றாள் அவள். அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

அடுத்தது என் வீட்டுக்காரர். கைதட்டல் நடுவே வந்து, சிவப்புக் கம்பளத்தில் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார். நான் தைத்துக் கொடுத்த சந்தன நிறச் சட்டை. விளக்கு அவர் முகத்தில் விழுந்தது. நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

முக்கியமான இடத்தில் நிறுத்தச் சொன்னதைத்தான் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நெற்றியில் வேர்வை மினுங்கியது. ஏற்காட்டுக் குளிரில் வேர்க்கிறது என்றால் விஷயம் மோசம். வாய் ஒருமுறை திறந்து மூடியது. கூட்டம் இருமியது. மேடை ஓரத்தில் கல்லூரிப் பெண் இரண்டு கையையும் விரித்து விரித்து, பேசுங்கள் என்று ஜாடை காட்டினாள்.

அப்போது அவருடைய இடது கையைப் பார்த்தேன். தொடைக்குப் பக்கத்தில் அது எதையோ தேடித் துழாவிக்கொண்டிருந்தது. கியர்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. எழுந்து, நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியையே தூக்கி மேடைமேல் வைத்தேன். "உக்காருங்க!" என்றேன். அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் என் குரலும் ஹால் முழுக்கக் கேட்டது. கல்லூரிப் பெண் தலையில் கை வைத்தாள்.

அவர் உட்கார்ந்தார். காலைச் சரியாக நீட்டிக்கொண்டார். இரண்டு கையும் தானாக மேலே எழுந்து ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தன. தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் ஏறியாச்சுங்களா?" என்றார்.

ஹாலே சிரித்தது.

"கை காலை வெளிய நீட்டாதீங்க. வாந்தி வர்றவங்க முன்னாடியே சொல்லிடுங்க. அப்பிடியே வலது பக்கம் பாருங்க."

அத்தனை தலையும் வலது பக்கம் திரும்பியது. அங்கே சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதுதானுங்க எங்க ஊடு. வாசல்ல கட்டியிருக்குற கயித்துல பாருங்க, ஒரு வாரமா அதே துணிதான் தொங்குது."

வண்டி கிளம்பிவிட்டது. எதிரே லாரி வந்தால் ஒதுங்கினார். கொண்டை ஊசி வளைவில் உடம்பைச் சாய்த்தார், முன் வரிசையும் கூடச் சாய்ந்தது. பனி, பாய்லர், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாய் வந்தது. நான் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்து நின்றேன். அதுதான் தப்பு. ஜீப்பில் அவர் கதை சொல்லும்போது தனக்குத் தெரிந்ததில் எதையும் மிச்சம் வைக்க மாட்டார் என்பதை மறந்துவிட்டேன்.

"இதை எதுக்குச் செஞ்சீங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. விவசாயிங்களுக்காகன்னு சொல்லச் சொன்னாங்க. நெசம் அதில்லீங்க. என் மச்சான் கல்யாணம்..."

இருமிப் பார்த்தேன். கண்ணை உருட்டிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஜட்டி வந்தது. வேட்டி வந்தது. ஃபோட்டோ வந்தது. டாக்டர் விலாசத்தோடு என் சித்தப்பாவும் வந்தார். ஜனங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். யாருடைய சம்சாரம் என்பது நாற்காலியைத் தூக்கிவைத்தபோதே ஊருக்குத் தெரிந்துவிட்டதால், எல்லாரும் என்னையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டேன்.

நேரம் முடிந்துவிட்டது என்று கல்லூரிப் பெண் ஒரு சிவப்பு அட்டையை உயர்த்தினாள். "செக்போஸ்ட்டு வந்துருச்சுங்க," என்றார் இவர். "ஒரே நிமிசம். பொருளைக் காட்டிட்டு எறக்கி உட்டுர்றேன்."

பெட்டியை மேடைக்குத் தள்ளி வந்தார்கள். அவர் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டு, கூட்டத்தைப் பார்த்தபடியே, "மலையில வெளைஞ்ச நம்ம மிளகு!" என்று தூக்கிக் காட்டினார்.

கையில் ஒரு ஜோடி சாக்ஸ் தொங்கியது.

அவர் சாக்ஸைப் பார்த்தார். பெட்டிக்குள் பார்த்தார். மறுபடி சாக்ஸைப் பார்த்தார்.

"அது என்னோடதுங்க!" என்று தவளை மேடம் எழுந்துவிட்டார். "மன்னிச்சுக்குங்க. நொம்ப ஈரமா இருந்துச்சு. மிளகுக்குப் பக்கத்துலதான் போட்டேன், மேல படல."

கீழிருந்து ஒருவர் அந்த மிளகு எந்தக் கடைக்குப் போகிறது என்று சத்தமாகவே விசாரித்தார். இவர் கொஞ்சமும் அசரவில்லை. சாக்ஸைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "காஞ்சிருக்குதுங்க மேடம். வந்து வாங்கிக்குங்க," என்றார். அந்த அம்மா வெறுங்காலோடு மேடையேறி, அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் சாக்ஸை மாட்டிக்கொண்டார். "சூடாவே இருக்குது!" என்று அவர் சொன்னதும் எழுந்த கைதட்டல் அன்றைக்கு வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

தேநீர் வேளையில் இவரைச் சுற்றி ஒரே கூட்டம். லாட்ஜ் நடத்தும் ஒருவர், துண்டுகள் காயவைக்க ஒன்று வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஓவியப் பெண்ணோ, படம் சீக்கிரம் காயுமா என்று கேட்டாள். கல்லூரிப் பெண் என்னிடம் வந்து, "நல்லவேளை அக்கா, சேர் போட்டீங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. இனிமேல் என் தம்பி பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தனியாகச் சண்டை போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தவளை மேடம் ஜீப்பில் ஏறிக்கொண்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருப்பதாக இவர் சொல்லிவிட்டாராம், பொழுது சாயும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து தவளைச் சத்தம் கேட்க வேண்டுமாம். நான் தோசை வார்த்துக்கொண்டிருக்க, இருவரும் புறக்கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இந்தச் சத்தம் போடுவது ஆண் தவளை, பெண் வரட்டும் என்று கூப்பிடுகிறது, ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு குரல், இலை மேலேயே வாழ்கிறதும் உண்டு என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார். நான் நான்காவது தோசையைத் திருப்பும்போதுதான் கவனித்தேன்: இவருடைய சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தேன். முக்காலியில் குந்தி, வாயை லேசாகத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க மேடம், அதுக்குக் காது எங்கீங்க இருக்குது?"

"கண்ணுக்குப் பின்னாடி வட்டமா ஒண்ணு தெரியும் பாருங்க, அதுதான்," என்றார் அவர்.

மறுநாள் காலையில் கடை திறக்கக் கிளம்பி, ஜீப்பின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம். வண்டி எடுத்ததும் அவர்களிடம் ஆரம்பித்தார்: எங்கள் மலைத் தவளை முதுகால்தான் கேட்குமாம், காட்டெருமை வந்தால் ஊருக்கே குரல் கொடுத்து எச்சரிக்குமாம். ஒரு பெரிய தவளை எஸ்டேட் ரைட்டர் ஒருவரை அப்படித்தான் காப்பாற்றியதாம். திருத்தலாமா என்று யோசித்தேன். முன் சீட்டிலிருந்த அம்மாள் அதற்குள், "அப்படியா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டுவிட்டாள். நான் கடைவீதியில் இறங்கிக்கொண்டேன்.